பேசி வாங்கிய மூன்று வருஷம்

நீங்க இப்ப ஒரு "ஓஹோ" போட்டீங்க பாருங்க, அந்த ஓஹோவை நான் நிறையக் கேட்டுவிட்டேன். சேலத்தில் ஏறியதிலிருந்து நல்ல மனுஷராகத்தான் பேசிக்கொண்டு வந்தீங்க. முறுக்குகூடக் கொடுத்தீங்க. மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டீங்க. ஏர்ஹோஸ்டஸ் என்றேன். உடனே அந்த ஓஹோ. அதுவும் ஒரு புருவம் மட்டும் மேலே போகிற ஓஹோ.

கோபமெல்லாம் இல்லீங்க. எனக்குக் கோபம் வந்திருந்தால் நீங்க இந்நேரம் அடுத்த பெட்டியில் இடம் தேடிக்கொண்டிருப்பீங்க. நாமக்கல் லாரிப் பேட்டையில் சென்னியப்பன் என்று கேட்டுப் பாருங்க. பழைய லாரி வாங்கணும், விற்கணும் என்றால் என்னிடம்தான் வரணும். கோபக்காரன் என்பார்கள், வாய் பெரிசு என்பார்கள், ஆனால் பேசினது பேசினதுதான் என்று கூடவே சொல்வார்கள். அந்தக் கடைசிச் சங்கதிதான் இப்போது என்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. மருமகளிடம் ஒரு கெடு பேசி வைத்திருந்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம் வேலைக்குப் போகலாம். அப்புறம் விட்டுவிடணும். இந்த மாசத்தோடு மூன்று வருஷம் முடிகிறது.

இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன். காட்பாடி வருவதற்கே நேரம் கிடக்கிறது.

ஏர்ஹோஸ்டஸ் பற்றி உங்களுக்கு என்னென்ன தெரியுமோ அதெல்லாம் அப்போது எனக்கும் தெரியும். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, இருந்தாலும் தெரியும். எனக்குச் சொன்னவன் டயர் கடை அங்கமுத்து. எங்கள் பேட்டையில் பாங்காக் வரைக்கும் போய்வந்த ஒரே ஆள். "மாமா, அதுக மூஞ்சியில இருக்கற பூச்சைச் சொரண்டுனா ஒரு செவுத்துக்குப் பட்டி பாத்துரலாம்" என்பான். "ஊத்திக் குடுக்கறவங்க குடிக்காமயா இருப்பாங்க" என்பான். ஊருக்கு ஒரு ஆள் வைத்திருப்பார்கள் என்பான். பைலட்டைத் தவிர வேறு ஆம்பளையைத் திரும்பியே பார்க்க மாட்டார்கள் என்பான். அதே மூச்சில், "போறப்பவும் வர்றப்பவும் ஒரு புள்ள என்னையே பாத்துச் சிரிச்சுதுங்க மாமா" என்பான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் டயர் விற்றான். இதெல்லாம் ஒன்றோடு ஒன்று எப்படிப் பொருந்தும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. டீக்கடையில் கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடுமுங்க.

அப்புறம் என் தொழிலையும் கொஞ்சம் சொல்லணும். இல்லாவிட்டால் மோகனூரில் நடந்தது உங்களுக்கு விளங்காது.

நான் அஞ்சாவது தாண்டாதவன். கிளீனராக லாரி ஏறினேன். டிரைவரிடம் உதை, ஓனரிடம் திட்டு, செக்போஸ்டில் இரண்டும். அதில் படித்ததுதான் படிப்பு. பேரத்தில் என் வழி சுலபமான வழி. முதலில் குறை சொல்லணும். ஷோரூமில் இருந்து நேராக வந்த வண்டியாக இருந்தாலும் சொல்லணும். டயரை உதைக்கணும். உதைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வானத்தைப் பார்க்கணும். எதிராளி அதற்கும் இறங்கவில்லையா, எழுந்துவிடணும். செருப்பை மாட்டணும். அவசரமாக மாட்டக் கூடாது, மனசு விட்டுப்போன மாதிரி மெதுவாக மாட்டணும். வாசல் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து "ஏனுங்க, இருங்க" என்று ஒரு குரல் வரும். வந்தே தீரும். அந்தக் குரலில்தான் என் வீடு, கார், பையன் படிப்பு எல்லாம் வந்தது.

பெண் பார்க்கப் போனாலும் அதே வழிதான். அங்கேதான் கொஞ்சம் இடித்தது.

பூபதி ஒரே பையன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு என்னோடு பேட்டைக்கே வந்துவிட்டான். முப்பது தாண்டிவிட்டது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது இப்போது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராசிபுரத்தில் ஒரு டீச்சர் பெண் பார்க்கப் போனோம். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, கட்டினவனுக்கு வாஸ்து தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். அவர்கள் இறங்கவில்லை. செருப்பை மாட்டினேன். பின்னாலிருந்து கேட்டைச் சாத்துகிற சத்தம்தான் வந்தது. திருச்செங்கோட்டில் பாங்கு வேலையில் ஒரு பெண். அங்கேயும் கேட்டுச் சத்தம். "நீங்க வாசல்ல நின்னு கூப்புடுவாங்கன்னு பாக்கறீங்க, அவங்க உள்ளார தாப்பாளப் போடறாங்க" என்பாள் என் வீட்டுக்காரி பாவாயி. "இந்த ஜில்லாவுல உங்க செருப்பப் பாக்காத வாசலே இல்லீங்க."

பூபதி ஒன்றும் சொல்ல மாட்டான். தொழில் உண்டு, அவன் உண்டு. மாசத்துக்கு இரண்டு தடவை ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கச் சென்னைக்குப் போவான். பல தடவை கேட்ட பார்ட்ஸ் கிடைக்காது. வெறுங்கையோடு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவான். தோல்வியைச் சிரித்துக்கொண்டே தாங்குகிற பிள்ளை. எனக்கு அந்தக் குணம் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் பாவாயி ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். யார் கொடுத்தது என்றேன். கோயிலில் ஒரு அம்மா என்றாள். எந்தக் கோயில் என்றேன். "நீங்க எந்தக் கோயிலுக்கு வந்தீங்க, பேரச் சொன்னாத் தெரியறதுக்கு" என்றாள். மோகனூரில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குழந்தைவேலு என்பவரின் பெண். பேர் தாரணி. நம்ம சனம். பொருத்தமெல்லாம் பார்த்தாகிவிட்டதாம், நன்றாக இருக்கிறதாம். பெண் என்ன செய்கிறாள் என்றேன். பாவாயி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். வீடு அதிரக் கத்தினேன். லாரி விற்கிறவன் வீட்டுக்கு ஆகாயத்தில் பறக்கிறவளா, பேட்டையில் அங்கமுத்து என்னை வைத்தே ஒரு வருஷம் ஓட்டுவானே என்றேன். கத்தி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது பூபதி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"அப்பா, இந்த எடத்துல நீங்க செருப்ப மாட்டுனீங்கன்னா, அப்புறம் எனக்குப் பொண்ணே பாக்க வேண்டாமுங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்."

அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு முழுக்க அது காதில் கிடந்தது.

அப்புறம்தான் எனக்குத் தொழில் மூளை வேலை செய்தது. குறை இருக்கிற வண்டியைத்தானே பேசி வாங்க முடியும்? ஏர்ஹோஸ்டஸ் பெண்ணை யார் கட்டுவான்? ஊரெல்லாம் ஓஹோ போட்டிருக்கும். பெற்றவர்கள் பயந்துபோய்க் கிடப்பார்கள். நான் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டுவார்கள். முதல் பேச்சே வேலையை விடணும் என்பதுதான். அதற்கு ஒத்துக்கொண்டால் மேலே பேசலாம். இந்தத் தெம்போடுதான் மோகனூருக்குக் கிளம்பினேன்.

குழந்தைவேலு சாதுவான மனுஷன். கோழிகளோடு இருந்து இருந்து மெதுவாகப் பேசப் பழகியவர். நான் குறை தேடிக்கொண்டே உள்ளே போனேன். வீடு சுத்தம். பேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது. எரிச்சலாக இருந்தது.

பெண் வந்தாள். அங்கமுத்து சொன்ன பூச்சு எங்கே என்று பார்த்தேன். சாதாரணமாக நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருந்தாள். கையில் தட்டு. நிறையக் காபி டம்ளர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டம்ளர் ஒன்றோடு ஒன்று இடிக்கிற சத்தம்கூட இல்லை. இதில் ஏதாவது சொல்லியாகணுமே. "பழக்கம்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

குழந்தைவேலு முகம் சுண்டிப்போனது. அந்தப் பிள்ளைக்குச் சுண்டவில்லை. "ஆமாங்க மாமா. அசையாத வீட்டுல குடுக்கறது ரொம்பச் சுலபமுங்க" என்றாள்.

பூபதி சிரித்துவிட்டான். பாவாயியும். நான் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்தேன். எல்லாருக்கும் பால் காபி. எனக்கு மட்டும் சுக்குக் காபி, கருப்பட்டி போட்டது, அதுவும் நான் குடிக்கிற அளவுக் கருப்பட்டி. எனக்குப் பாலும் வெள்ளைச் சர்க்கரையும் ஆகாது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? பிற்பாடு யோசித்துப் பார்த்ததில் விளங்கியது. அவர்களுக்கு அப்படித்தானுங்க ட்ரெய்னிங். ஆள் ஏறும்போதே மூஞ்சியைப் பார்த்து இன்னாருக்கு இன்னது ஆகாது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கமுத்துவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

சரி, டயரை உதைக்கணுமே. "வேல முடிஞ்சா கண்ட ஊர்ல தங்கறீங்களாமே அம்மிணி?" என்றேன்.

"ஆமாங்க மாமா. லாரி டிரைவருங்க மாதிரியேதான்."

எனக்கு வந்தது பாருங்க கோபம். டிரைவர்களைப் பற்றி இந்த உலகம் பேசுகிற பேச்சை நான் கிளீனராக இருந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு ஊர் குடும்பம் என்பார்கள், குடி என்பார்கள், டிரைவருக்குப் பெண் தராதே என்பார்கள். "எங்க டிரைவருங்களப் பத்தி என்ன தெரியும் உனக்கு?" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே மாமா. ஊர்தானுங்க சொல்லுது."

"ஊரு சொல்லும். ஊருக்கென்ன, வாய் சும்மா இருக்குது. தூங்காம வண்டி ஓட்டிட்டு வந்து எறங்குறவனுக்குக் கால நீட்டுனாப் போதும்னு இருக்கும். எந்த ஊருன்னே தெரியாம படுப்பான். வீட்டு ஞாபகம்தான் இருக்கும். விசேசத்துக்கு வர முடியாது, புள்ளைக்குக் காய்ச்சல்னா கூட வர முடியாது. வேலைக்குப் போனவன் வேலையப் பாக்கறான். ஒருத்தன் தப்புப் பண்ணுனா அத்தன பேரையும் பேசறதா? தெனம் கூட வந்து பாத்தானா இந்தப் பேச்சுப் பேசறவன்?"

மூச்சு வாங்கியது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு வார்த்தைக்கும் "ஆமாங்க மாமா", "சரியாச் சொன்னீங்க மாமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. டிரைவர்கள் பாட்டைக் கேட்டால் யாருக்குமே அழுகை வரும். அந்தப் பேச்சில் அவளால் ஒரு பதில் சொல்ல முடியவில்லை, பார்த்துக்கொள்ளுங்க.

இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்துவிடலாம் என்று, "அதெல்லாம் இருக்கட்டும். வேலைய விட்டாத்தான் மேல பேச்சு" என்றேன். குழந்தைவேலு மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. பழக்க தோஷம், என் கால் தானாகச் செருப்பைத் தேடிப் போய்விட்டது. பூபதி சொன்னது ஞாபகம் வந்தபோது ஒரு செருப்பு மாட்டியாகிவிட்டது. ஒற்றைச் செருப்போடு திரும்பி உட்கார முடியுமா? இன்னொன்றையும் மாட்டினேன். மெதுவாகத்தான் மாட்டினேன்.

குரல் வந்தது. ஆனால் "இருங்க" என்று வரவில்லை.

அந்தப் பிள்ளை வாசல் நிலைக்குப் பக்கத்தில் வந்து, நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் கூப்பியது. "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க மாமா. ரெண்டு படி இருக்குது, பாத்து எறங்குங்க."

நான் இறங்கிவிட்டேன்.

இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒன்று நடந்ததில்லை. திட்டியிருக்கிறார்கள், கேட்டைச் சாத்தியிருக்கிறார்கள். நன்றி சொல்லி, படியைக் காட்டி, சிரித்த முகமாக யாரும் அனுப்பினதில்லை. திரும்பிச் சண்டை போடவும் வழியில்லை. போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றேன். சாவி பூபதியிடம். அவன் வரவில்லை. பாவாயியும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் பாட்டுக்குக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கோழித் தீவன மூட்டைகளுக்கு நடுவில், வெயிலில், நான் மட்டும். ஒரு சேவல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. அப்போதுதான் பையன் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னது மறுபடியும் காதில் கேட்டது. பொய் சொல்லக் கூடாது, அன்றைக்குப் பயந்துவிட்டேன்.

துண்டை மறந்து வைத்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். துண்டு தோளில்தான் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"வாங்க மாமா" என்றது அந்தப் பிள்ளை. அப்போதுதான் முதல் தடவையாக உள்ளே வருகிறவனை வரவேற்கிற மாதிரி. பேனுக்கு நேர் கீழே வேறு நாற்காலியில் உட்கார வைத்தது. தண்ணீர் கொடுத்தது. நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தது. அப்புறம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்தது.

"மாமா, நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுதுங்க. மருமக காலம்பூரா வேலை வேலைன்னு பறந்துட்டே இருக்கக் கூடாது, குடும்பத்தப் பாக்கணும்ங்கறீங்க. சரிதானுங்களா?"

"ஆமா."

"அதுல தப்பே இல்லீங்க. வேலைய விட்டர்றேன். கல்யாணம் முடிஞ்சு அஞ்சு வருஷத்துல விடட்டுங்களா, இல்ல மூணு வருஷத்துலயே விட்டரோணுங்களா?"

விட்டேனா நான்? "மூணு" என்றேன். ஒரே அடி. அஞ்சு என்று ஆரம்பித்தவளை எடுத்த எடுப்பில் மூணுக்கு இறக்கிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "சரிங்க மாமா, உங்களுக்காக" என்றாள்.

பேரத்தில் ஒரு தடவை எதிராளி இறங்கிவிட்டால் நிறுத்தக் கூடாதுங்க, போய்க்கொண்டே இருக்கணும். "எங்க குடியிருக்கறது?" என்றேன்.

"பல்லாவரத்துல பாக்கட்டுங்களா, தாம்பரத்துல பாக்கட்டுங்களா மாமா?"

"பல்லாவரம்" என்றேன். அவளுக்கு வேலை சென்னை ஏர்போர்ட்டில், அங்கிருந்து தாம்பரம் தூரம். தள்ளிவிடப் பார்த்தாள், நான் இடம் கொடுக்கவில்லை. பூபதி சென்னையிலேயே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டுவிடலாம் என்பதும் அப்போதே பேச்சில் வந்தது. என் யோசனைதான் என்று நினைக்கிறேன்.

"கல்யாணத்த எங்க வெச்சுக்கலாமுங்க, காந்தமலைக் கோயில்லயா, கபிலர்மலையிலயா?"

"கபிலர்மலை." பெரிய மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்கு இலை போடணும் என்றுதான் நான் வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு போனேன். அது என்னவோ அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"சமையல நீங்க வந்து சொல்லிக் குடுக்கறீங்களா மாமா, இல்ல அவரையே பாத்துக்கச் சொல்லிரட்டுங்களா?"

"எனக்கேது அம்மிணி நேரம்? அவனே பாத்துக்கட்டும்."

"அவரு ரசம் நல்லாத்தான் வெப்பாருங்க" என்றாள். உடனே பாவாயிக்கு இருமல் வந்துவிட்டது. பூபதி கேசரித் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். என் பையன் அடுப்புப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. கட்டிக்கப்போகிறவனைப் பெரியவர்கள் முன்னால் ஒரு படி உயர்த்திப் பேசுகிறாள், நல்ல குணம் என்று எனக்குப் பட்டது.

அன்றைக்கே உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டோம். எங்கள் பக்கம் அது மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். திரும்பி வரும்போது காரில் சொன்னேன், "எப்படி முடிச்சேன் பாத்தியா." பாவாயி வெளியே பார்த்துக்கொண்டு, "உங்களாட்ட வேற யாரால முடியும்" என்றாள். பூபதி சீட்டியடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். அவன் சீட்டியடிப்பான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கல்யாணம் நடந்தது. பல்லாவரத்தில் வீடு. பூபதிக்குக் கடை. அவன் ரசம் நிஜமாகவே நன்றாக இருக்கிறதுங்க, அங்கே போய்க் கற்றுக்கொண்டிருக்கிறான். ஊரில் வருகிறவர் போகிறவரெல்லாம், "உங்களுக்கென்னங்க, மருமக பிளேன்ல ஓசியிலயே சுத்தலாம்" என்கிறார்கள். ஏதோ டவுன் பஸ் கண்டக்டர் வீட்டில் சம்பந்தம் வைத்த மாதிரி.

ஒரு தடவைதான் போனேன். போன வருஷம் மும்பையில் ஒரு வண்டி ஏலம். டிக்கெட் எடுத்துத்தான் போனேன். அந்த விமானத்தில் அவள்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால், மற்ற பிள்ளைகளெல்லாம் அவள் சொன்னபடி கேட்கணும். ஏறும்போது வாசலில் நின்று "வணக்கமுங்க" என்றாள், ஊர்ப் பேச்சில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்புறம் மைக்கில் பெல்ட் போடச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். டக் டக்கென்று விமானம் முழுக்கப் போட்டுக்கொண்டது. நான் எங்கள் டிரைவர்களிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருத்தன் போட்டதில்லை.

அந்தப் பிள்ளைகள் நடுவில் நின்று கையை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் நீட்டி, வழி காட்டுகிறார்கள் பாருங்க, யாருமே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்கு அந்தக் கை தெரியும். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கீழே நின்று காட்டுகிற கைதான் அது. அடிபட்டால் முதலில் கிளீனர்தான். ஆபத்து என்றால் கதவைத் திறந்து எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் இறங்கணுமாம் அவர்கள். டீ கொடுக்கிறது அதற்கு நடுவில் செய்கிற வேலை. அங்கமுத்து டீயை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

அதில் ஒரு ஆள் கத்த ஆரம்பித்தான். கோட்டுப் போட்ட ஆள். அவன் பெட்டியை அவன் தலைக்கு மேலேயே வைக்கணுமாம், அங்கே இடமில்லையாம். நான் யார் தெரியுமா என்கிறான். எனக்குக் கை பரபரத்தது, பெல்ட் போட்டிருந்தேன். தாரணி போனாள். அவன் சீட்டுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். நீங்க சொல்றது புரியுது சார், பெட்டி பத்திரமா இருக்கணும்ங்கறீங்க, அதுல தப்பே இல்ல என்றாள். முன்னாடி வெக்கட்டுமா, பின்னாடி வெக்கட்டுமா சார் என்றாள். "முன்னாடி" என்றான் அவன், அதட்டலாக. ஜெயித்துவிட்ட மாதிரி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலைக்கு மேலே கேட்டவன், முன்னாடி என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பாவம், அதுகூடத் தெரியவில்லை. படித்தவன், கோட்டுப் போட்டவன், பேரம் தெரியாதவன். அவளிடம் பேசி ஜெயிப்பதற்கெல்லாம் ஒரு ஆள் வேணுமுங்க. பாவாயியிடம் வந்து சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் பேட்டையில் அங்கமுத்து ஒருநாள் பழைய மாதிரி ஆரம்பித்தான். ஏதோ ஏர்ஹோஸ்டஸ் ஜோக். அவன் அடுக்கி வைத்திருந்த டயரை ஒரு உதை விட்டேன், ரோடு வரைக்கும் உருண்டது. இப்போது என்னைக் கண்டால் கிரிக்கெட் பேசுகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் ஃபோன் வந்தது. தாரணிதான்.

"மாமா, மூணு வருஷம் முடியுதுங்க. நீங்க சொன்ன மாதிரியே இந்த மாசத்தோட நின்னுக்கறேன். திங்கக்கெழம ஆபீஸ்ல சொல்லிர்றேனுங்க."

அவ்வளவுதான். இதுவா அதுவா என்று ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாசம் கழித்துச் சொல்லட்டுமா, மூன்று மாசம் கழித்துச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தால்கூட நான் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருப்பேன். பேசுவதற்கு இடமே வைக்கவில்லை. குரலில் வழக்கமான சிரிப்பும் இல்லை. "சரி அம்மிணி" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "நீங்க கேட்டதுதானுங்களே, சந்தோசப்படுங்க" என்றாள் பாவாயி. அவள் முகத்திலும் சந்தோஷம் இல்லை. "வேண்டாம், வேலையிலயே இரு அம்மிணின்னு ஒரு வார்த்த சொல்லீருங்களேன்" என்றாள். எப்படிச் சொல்வது? பேசினது பேசினதுதான் என்று இருந்தவன் நான். அந்தப் பிள்ளையும் என் பேச்சை நம்பித்தானே வார்த்தை மாறாமல் நிற்கிறது? நானே போய் என் பேச்சை மாற்றினால் அப்புறம் எனக்கென்ன மரியாதை? ஆனால் திங்கட்கிழமை அவள் சொல்லிவிட்டால், அடுத்த மாசம் அந்த மைக்கில் வேறு யாரோ பேசுவார்கள். நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

அதுதான் நேரிலேயே போகிறேன். வீட்டில் கிளம்பினதிலிருந்து மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். குறை சொல்லி ஆரம்பிக்கலாம் என்றால், எதைக் குறை சொல்வது? எழுந்து செருப்பை மாட்டிவிடலாம் என்றால், அவள் படியைக் காட்டி அனுப்பிவிடுவாள். எனக்கு விலையை இறக்கத் தெரியுமுங்க. விட்டுக்கொடுக்காமல் நிற்கத் தெரியும். ஜெயித்து வாங்கின ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வேண்டாம் கண்ணு, நீயே வெச்சுக்கோ" என்று நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

நீங்க படித்தவர் மாதிரி இருக்கீங்க. அந்த ஓஹோவை விடுங்க, அது போகட்டும். இதைச் சொல்லுங்க. அந்தப் பேச்சை எப்படிங்க ஆரம்பிக்கிறது?